துளையும் பாடமும்

தமிழ்க் குழந்தைக்கு நாம் முதன்முதலில் காட்டும் ஓவியம் அணில். அடுத்தது ஆடு. பிறகு இலை, பிறகு ஈ. இவற்றை ஓவியம் என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஒப்புக்கொள்ளாததும் சரிதான். 'அ' என்ற வரிவடிவத்தை மனசில் பதியவைப்பதற்காக அழைத்து வரப்பட்ட கூலியாள் அந்த அணில். எழுத்து பதிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அது எந்த மரத்தில் இருந்தது, எதைக் கொறித்தது, யாரைக் கண்டு ஓடியது என்ற கேள்விகளுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. கேட்டால் பாடம் நின்றுபோகும்.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. 1658-இல் நியூரம்பர்க்கில் வெளிவந்த கொமேனியஸின் 'ஆர்பிஸ் பிக்டஸ்' குழந்தைகளுக்கென்று அச்சான படப்புத்தகங்களின் மூதாதையாக மதிக்கப்படுகிறது. படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் இட்டு, அதே எண்ணை லத்தீன் சொல்லுக்கும் ஜெர்மன் சொல்லுக்கும் இட்டிருந்தார்கள். சொல்லை வெறும் ஓசையாக உருப்போடவைத்த அக்காலத்துப் பள்ளிக்கு அது விடுதலைதான். ஆனால் அங்கும் படம் வந்தது சொல்லுக்குச் சாட்சி சொல்லவே. நம் அணில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மேற்கில் அது நிற்கவில்லை. தட்டும் கரண்டியும் ஓடிப்போவதாக முடியும் ஒரு பழைய வேடிக்கைப் பாட்டுக்கு ராண்டால்ஃப் கால்டிகாட் 1882-இல் படம் போட்டார். பாட்டு முடிந்த பிறகும் ஒரு படம் வருகிறது. தட்டு உடைந்து கிடக்கிறது. கரண்டியை அதன் பெற்றோர் நடத்திக்கொண்டு போகிறார்கள். பாட்டில் இல்லாத துயரம் இது. 1968-இல் பாட் ஹட்சின்ஸ் ஒரு கோழி நடந்துபோகும் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதினார். படங்களில் பின்னாலேயே ஒரு நரி வருகிறது. வாக்கியத்தில் நரி என்ற சொல்லே இல்லை. வாசித்துச் சொல்லும் பெரியவருக்குக் கோழி மட்டும்தான். பார்க்கும் குழந்தைக்கு நரியும் உண்டு.

படப்புத்தகம் என்று நான் இங்கு சொல்வது இந்த வகையைத்தான். சொல்லும் படமும் ஒன்றையொன்று திருப்பிச் சொல்லாமல், தம்மிடையே ஒரு இடைவெளி வைத்து, அந்த இடைவெளியைக் குழந்தையிடம் ஒப்படைக்கும் கலை வடிவம். இப்படிப்பட்ட ஒரு நூல் வகுப்பறைக்குள் வரும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி. குழந்தை இலக்கியத்தைப் பெரியவர்களின் ஓய்வுநேர உபகாரமாகக் கருதும் நம் சூழலில் இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு சமூகத்தின் பார்க்கும் சக்தி எந்த வயதில் முடக்கப்படுகிறது என்று யோசித்தால் சின்ன விஷயமல்ல.

உதாரணத்துக்கு எரிக் கார்லின் புழுவை எடுத்துக்கொள்கிறேன். 1969-இல் வந்தது. தமிழில் அதன் தலைப்பை 'ரொம்பப் பசியான புழு' என்று சொல்லிப் பார்க்கலாம். அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன புத்தகம். லண்டனிலிருந்து இருமொழிப் பதிப்புகள் வெளியிடும் மந்த்ரா லிங்குவா தமிழும் ஆங்கிலமுமாக அதைக் கொண்டுவந்திருக்கிறது. புலம்பெயர்ந்த தமிழ்க் குழந்தைகள் பலர் தமிழ் எழுத்தை இப்படிப்பட்ட பக்கங்களில்தான் பார்த்திருப்பார்கள். உலகெங்கும் பள்ளிகளில் அதிகம் கையாளப்படும் புத்தகங்களுள் ஒன்று என்பதாலேயே அது நமக்கு இங்கு உபயோகப்படுகிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலவொளியில் இலைமேல் ஒரு முட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் புழு வெளியே வருகிறது. திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம், வியாழன் நாலு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. ஒவ்வொரு பழத்திலும் புழு துளைத்துப் போன வழி நிஜமான துளையாகத் தாளில் இருக்கிறது. திங்கள் பக்கம் குறுகலானது. பழம் கூடக்கூடப் பக்கமும் அகலமாகிறது. சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், சீஸ், தர்பூசணி என்று பத்துப் பண்டங்கள். இரவு வயிற்றுவலி. மறு ஞாயிறு ஒரு பச்சை இலை. பிறகு கூடு; இரண்டு வாரம் கழித்து, இரு பக்கமும் விரிந்து ஒரு வண்ணத்துப்பூச்சி.

இதை வகுப்பில் எப்படிப் 'பயன்படுத்துவது' என்று ஆசிரியர்களுக்குக் குறிப்புகள் ஏராளமாக உண்டு. கிழமைகளின் பெயர், ஒன்று முதல் ஐந்து வரை எண், பழங்களின் பெயர், பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி. நாலு பாடம், நாலு பயிற்சித்தாள். இதில் எதுவும் புத்தகத்துக்குப் புறம்பானதல்ல என்பதையும் சொல்லவேண்டும். கிழமையையும் எண்ணையும் வைத்தவர் கார்லேதான். ஆகவே பாடமே கூடாது, கலை மட்டும் போதும் என்று வீம்பு பேசுவதில் அர்த்தமில்லை. பார்க்கவேண்டியது, புத்தகம் தன் பாடத்தை என்ன செய்கிறது என்பதை.

திங்கள் தொடங்கி வெள்ளி வரை அது ஒரு ஒழுங்கைக் கட்டுகிறது. நாள் ஒன்று, பழம் ஒன்று. நாள் இரண்டு, பழம் இரண்டு. மூன்றாம் நாளிலேயே குழந்தைக்குப் பிடிபட்டுவிடும். சனிக்கிழமைக்கு ஆறு வரும் என்று விரல் விரித்துக் காத்திருக்கும். அங்கே புத்தகம் ஒழுங்கை உடைக்கிறது. ஆறு இல்லை; பழம் மட்டும் என்பதும் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துப் பண்டங்கள் வரிசையாக நிற்கின்றன. கணக்கு சிதறிப்போகிறது. குழந்தை சிரிப்பது இந்த இடத்தில்தான். தான் நம்பிய விதி கண்முன்னே மீறப்படுவதைப் பார்க்கும் சிரிப்பு. கவிதையில் சந்தம் ஒன்றை நிலைநிறுத்திப் பிறகு முறிப்பவன் செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பயிற்சித்தாளோ வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுகிறது. அல்லது சனிக்கிழமையை 'கண்டதையும் தின்றால் வயிறு வலிக்கும்' என்ற ஆரோக்கியப் போதனையாக்கிவிடுகிறது. புத்தகத்தின் உச்சம் எதுவோ அது பாடத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

போதனை என்றதும் பசி என்ற சொல்லுக்கு வரவேண்டும். 1956-இல் காமராஜ் ஆட்சியில் பரவலான மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு என்று, தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் பசியின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. இந்த மண்ணின் வகுப்பறையில் பசி நடுநிலையான சொல் அல்ல. நம் குழந்தைக் கதைகளிலும் பாடங்களிலும் பசி வந்தால் கூடவே இரண்டில் ஒன்று வரும். ஒன்று, கொடுப்பவர், அவருடைய கருணையும் வாங்கியவரின் நன்றியும். அல்லது, பேராசை, அதற்கு ஒரு தண்டனை. பசித்தவன் பசித்தவனாகவே, எவருக்கும் கடன்படாமல், எவராலும் கடிந்துகொள்ளப்படாமல் தின்று வளர்கிற கதை நம்மிடம் எத்தனை இருக்கின்றன?

கார்லின் புழுவுக்கு யாரும் கொடுப்பதில்லை. அது யாரிடமும் கேட்பதில்லை. அந்த ஆப்பிள் யாருடையது என்ற விசாரணை இல்லை. சனிக்கிழமை அளவு மீறியதற்கு வயிறு வலிக்கிறது. மறுநாள் இலை தின்றதும் சரியாகிவிடுகிறது. அவ்வளவுதான். கண்டிப்பவர் யாரும் இல்லை. மேலும், தின்றதெல்லாம் வீண்போகவும் இல்லை. கூட்டுக்குள் போகும்போது அது பெரிய கொழுத்த புழு. சிறகின் வண்ணம் முழுவதும் அந்த வாரத்துத் தீனியிலிருந்து வந்ததுபோலவே தோன்றுகிறது. பசியை வெட்கத்திலிருந்து விடுவிக்கிற புத்தகம் இது. தட்டேந்தி வரிசையில் நிற்கும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய செய்தியை எந்த நீதிபோதனையும் தரமுடியாது. அதை வாசித்து முடித்தபின் 'இக்கதையால் நாம் அறிவது யாது?' என்று கேட்பவர் அந்தச் செய்தியை அந்தக் கணமே திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்.

இனி, தக்கலை போன்ற ஓர் ஊரின் தொடக்கப்பள்ளியை மனசில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பகுதியாகவும் பிறகு திருக்கொச்சியின் பகுதியாகவும் இருந்த பிரதேசம். கல்குளம், விளவங்கோடு பேச்சில் பசியோடு விசப்பும் உண்டு. பலாவைவிடச் சக்கை நெருக்கமான சொல். இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். எழுத்து இங்கு வென்றாகிவிட்டது. ஆகவே எழுத்துக்கு அப்பால் என்ன என்று கேட்கும் தகுதி இந்த ஊருக்கு மற்ற ஊர்களைவிட முன்னமே வந்திருக்கவேண்டும்.

இங்கே பிளம் பழத்துக்கு என்ன செய்வது? உள்ளூர் மயமாக்குவோர் உடனே பிளம்மை எடுத்துவிட்டு நாவல் போடு, ஆப்பிளுக்கு மட்டிப்பழம் போடு என்பார்கள். படத்தை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றினால் மறுபடியும் சொல்லுக்குப் படத்தை வளைக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் ஒன்றும் செய்யவேண்டாம் என்பது என் எண்ணம். அந்த ஊதாநிற உருண்டைகளைக் காட்டினால் குழந்தையே நாவல் என்று சொல்லக்கூடும். பச்சைப் பேரிக்காயைக் கொய்யா என்று சொல்லக்கூடும். சிவந்த ஸ்ட்ராபெரியைக் கொல்லாம்பழம் என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. அது தவறு அல்ல, வாசிப்பு. தன் தோட்டத்தை அந்தப் பக்கத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறது அது. 'இல்லை, இது பிளம், எல்லோரும் சொல்லுங்கள்' என்று ஆசிரியர் திருத்தும்போது புத்தகம் மூடிக்கொள்கிறது. அணில் திரும்பி வந்துவிடுகிறது.

இன்னொரு திருத்தல் உலகப் பிரசித்தமானது. வண்ணத்துப்பூச்சி பட்டுப்பூச்சிபோல நூல் சுற்றிய கூட்டிலிருந்து வருவதில்லை. ஆகவே கார்ல் எழுதியது பிழை என்று அறிவியல் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டினார்கள். கார்ல் மாற்றவில்லை. கூட்டைவிட்டு வெளியே வா என்று தன் அப்பா தன்னிடம் சொல்வதுண்டு என்பது அவர் தந்த காரணங்களில் ஒன்று. தமிழில் இந்தச் சண்டை பாதி கரைந்துபோகிறது. கூட்டுப்புழு என்று நாம் இரண்டையுமே சொல்லிவிடுகிறோம். அறிவியல் தெரிந்துகொள்ளவேண்டாம் என்பதல்ல. வீட்டுக் கறிவேப்பிலையில் பச்சைப் புழு இருக்கிறது. எருக்கஞ்செடியில் வரிப்புழு இருக்கிறது. அது தோலுரித்துத் தொங்குவதையும், ஒருநாள் காலையில் ஈரச் சிறகோடு வெளிவருவதையும் செடிக்கு முன்னால் நின்று பார்த்தால் போதும். செடி செய்யவேண்டிய வேலையைப் புத்தகத்தின் தலையில் கட்டுவானேன்? புத்தகம் செய்வதைச் செடி செய்யமுடியாது என்பதையும் அப்போது மறந்துவிடுகிறோம்.

புத்தகம் செய்வது எது என்பதற்கு அந்தத் துளையே பதில். தாள் கட்டொன்றில் துளையிட்டுக்கொண்டிருந்தபோது கார்லுக்கு வந்த யோசனை அது. முதலில் புத்தகப்புழுவாக இருந்தது, பதிப்பாசிரியை ஆன் பெனடூஸ் சொன்னபின் இலைப்புழுவாயிற்று. வேறுவேறு அகலத்தில் தாளை வெட்டித் துளையிட்டு அச்சிடும் செலவு அமெரிக்காவில் கட்டுப்படியாகாமல், பெனடூஸ் ஜப்பானில் அச்சகம் தேடினார். இத்தனை பாடும் எதற்காக? விரல் நுழைவதற்காக. வீட்டில் தொட்டும் கடித்தும் உலகத்தை அறிந்த குழந்தை, பள்ளிக்கு வந்ததும் கைகட்டி உட்காரவேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமாக, பாதி பொம்மையும் பாதி புத்தகமுமாகத் தன் நூல்கள் இருக்கவேண்டும் என்று கார்ல் நினைத்தார். அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் முதல் வகுப்பில் அவருக்குக் கிடைத்தவை வெளிச்சமான அறை, பெரிய தாள், தடித்த தூரிகை. 1935-இல் குடும்பம் ஜெர்மனிக்குத் திரும்பியபின் கிடைத்தவை சிறிய தாள், கூரிய பென்சில், பிரம்பு.

இன்று வகுப்பறைச் சுவரில் திரை வந்துவிட்டது. படப்புத்தகத்தை அதில் பெரிதாக்கிக் காட்டிவிடலாம். நாற்பது குழந்தைகளும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். வசதிதான். ஆனால் திரையில் துளை ஒரு கறுப்புப் புள்ளியாகிவிடுகிறது. பக்கத்தின் அகலம் மாறுவதில்லை; அடுத்த பக்கத்துப் பழம் முந்தைய பக்கத்தின் ஓரத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. நகலெடுத்த தாளிலும் அப்படியே. கதை மிஞ்சுகிறது; புத்தகம் போய்விடுகிறது. ஒரே பிரதிதான் உண்டென்றால் அது கைமாறிக் கைமாறிக் கிழிவதே மேல்.

துளை வழியாகப் பார்ப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. இம்மாவட்டத்தில் மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள் தோல்பாவைக்கூத்து நடத்தி வந்திருக்கின்றன. தோலில் நுணுக்கமாகத் துளையிட்டு, பின்னால் விளக்கு வைக்கும்போது அந்தத் துளைகளே நகையாகவும் ஆடையாகவும் ஒளிர்கின்றன. நடப்பது ராமாயணம். குழந்தைகள் காத்திருப்பது உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும். காவியத்தில் இல்லாத அந்த இருவரும் திரையில் வந்து காவியத்தைக் கலைத்துப்போடுகிறார்கள். சொல்லில் இல்லாததைப் படம் சொல்லும் மரபு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நம் பாடப்புத்தகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. தேரூரில் பிறந்து ஆசிரியராகவே வாழ்ந்த கவிமணி, பசுவையும் கன்றையும் பற்றி எழுதிய பாட்டு கண்ணுக்கு முன்னால் ஒரு காட்சியை வைக்கிற பாட்டு. அதன் பக்கத்தில் நாம் போடுவது மறுபடியும் ஒரு பசு, ஒரு கன்று. பாட்டு காட்டிவிட்டதையே படம் இன்னொரு முறை சொல்கிறது. கவிமணி சொல்லாமல் விட்டதை வரைய ஒரு ஓவியனுக்கு அங்கு இடம் இருந்தது.

ஓவியன் என்றதும் குற்றத்தில் நம் பங்கும் தெரியவருகிறது. நாஜிகள் சீரழிந்த கலை என்று தடைசெய்த பிக்காஸோவையும் க்ளேயையும் மத்தீஸையும், க்ரௌஸ் என்ற ஓவிய ஆசிரியர் சிறுவன் கார்லுக்கு ரகசியமாகக் காட்டினார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த வண்ணத் துண்டுகள் ஒரு புழுவாகக் குழந்தைகளின் கைக்கு வந்துவிட்டன. நவீன ஓவியம் அங்கு ஒரு தலைமுறையில் பால்வாடி வரை இறங்கியது. இங்கே என்ன நடந்தது? கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் தம் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்தை அதன் அர்த்தத்திலிருந்து விடுவித்துப் படமாக்கிக்கொண்டிருந்தார். 1966-இல் சோழமண்டலம் உருவாயிற்று. ஆதிமூலத்தின் கோடுகள் சிறு பத்திரிகைகளின் அட்டைகளில் வந்தன, கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்தோடு வெகுஜனப் பத்திரிகைக்குக்கூடப் போயின. ஆர்.பி. பாஸ்கரன் பூனைகளாக வரைந்து தள்ளினார். அதே காலத்தில் 'பூ'னாவுக்குப் பக்கத்தில் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருந்த பூனை யார் வரைந்தது? பணிக்கர் எழுத்தைப் படமாக்கினார். பள்ளிக்கூடம் படத்தை எழுத்துக்கு அடியாளாகவே வைத்திருந்தது. இரண்டு உலகங்களும் ஒரே நகரத்தில் இருந்தன, சந்திக்கவில்லை.

வியாபாரப் பத்திரிகைகளின் மூக்கும் முழியுமான சித்திரங்களை நாம் கேலி செய்தோம். நியாயமான கேலி. ஆனால் அந்த ரசனை உருவாகும் இடம் ஒன்றாம் வகுப்பு என்பதை யோசிக்கவில்லை. கல்வியைப் பற்றிச் சிறு பத்திரிகை உலகிலிருந்து வந்த காரியங்களை விரல்விட்டு எண்ணலாம். வே. வசந்தி தேவியுடன் சுந்தர ராமசாமி நடத்திய நீண்ட உரையாடல் அவற்றில் முக்கியமானது. படத்தைப் பற்றி அவ்வளவுகூட இல்லை. 1990-களில் சென்னையில் தொடங்கிய தாராவும் தூலிகாவும் நிலைமையை ஓரளவு மாற்றியிருக்கின்றன. கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கையால் அச்சிட்டு 2006-இல் தாரா கொண்டுவந்த நூல் உலகத்தின் கவனத்தைப் பெற்றது. கைத்தாளில் அச்சான அப்படிப்பட்ட நூலை அரசுப் பள்ளியின் அலமாரியில் எதிர்பார்க்க முடியாது. தூலிகா தமிழிலும் படப்புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. அரசும் 2023-இல் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. பாடப்புத்தகம் அல்லாத ஒன்று ஏழைக் குழந்தையின் கைக்கு வந்தது பெரிய விஷயம். படிகள் என்ற ஏற்பாட்டில்தான் எனக்குத் தயக்கம். 'நுழை' படியில் இருக்கும் குழந்தை எழுத்தில்தான் நுழைகிறது. படத்தில் அது ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கலாம். எழுத்துக்கூட்டத் தெரியாத அந்தக் குழந்தைதான் கோழிக்குப் பின்னால் வரும் நரியை ஆசிரியருக்கு முன்னால் கண்டுபிடிக்கும்.

ஆசிரியருக்குச் சங்கடமான இடமும் அதுவே. பாடப்புத்தகத்தில் விடை அவரிடம் இருக்கிறது. படப்புத்தகத்தில் இல்லை. அவர் சொற்களை வாசிக்கிறார். குழந்தைகள் அவர் பார்க்காததைப் பார்த்துக் கத்துகிறார்கள். வகுப்பு அவர் கையைவிட்டு நழுவுகிறது. அந்தச் சில நிமிஷங்களைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு வேறு பயிற்சி தேவையில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், கேள்வி இல்லாமல், பயிற்சித்தாள் இல்லாமல், ஒரு புத்தகத்தை வாசித்துவிட்டுக் கைக்குக் கை கொடுத்துவிடலாம். மறுவாரமும் அதையே கேட்டால் அதையே வாசிக்கலாம். பரீட்சைக்கு அதில் எதுவும் வராது என்று பெற்றோரிடம் துணிந்து சொல்லலாம்.

அவர்கள் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டும். அது நம் வேலை. தமிழில் ஓவியர்கள் இருக்கிறார்கள். இருபது வரியில் எழுதத் தெரிந்த கவிஞர்கள் இருக்கிறார்கள். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நாலணாக் கவிதைத் தொகுதிக்குப் பட்ட பாட்டைப் பதினாறு பக்கத்துக்குப் படவேண்டும். நூறு பிரதி விற்காத பத்திரிகையைப் பத்து வருஷம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் அல்ல.